வேட்டி மூடிய சுவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள்ளேயே பொட்டல்கரட்டு அடிவாரத்தில் இருபது வண்டி நின்றது. கரிசல் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும் கல்லுக் கரடு அது. சரிவில் அறுபது வீடு. மூன்று வருசத்துக்கு முன்னால் ஓவியம் படிக்கிற பிள்ளைகள் வந்து எல்லாச் சுவருக்கும் வண்ணம் அடித்து, அந்தந்த வீட்டுக்காரர் முகத்தையே ஆள் உயரத்துக்கு வரைந்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து லீவு நாளானால் கூட்டம்தான். ஏறுவார்கள், சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், கீழே வந்து சர்பத் குடித்துவிட்டுப் போவார்கள். தண்ணிக் குடத்தோடு படி ஏறுகிற பெண்கள்தான் ஒதுங்கி நின்று வழி விட வேண்டும்.

கோவில்பட்டியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி அன்றைக்கு மனைவி ஷிரினோடு வந்திருந்தார். கெட்ட மனுசர் இல்லை. ஆறு நாளும் குடத்துக்கும் வாளிக்கும் நடுவில் நிற்கிறவர். ஏழாம் நாள் நாலு நல்ல படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் அவருக்கு அந்த வாரம் நிறைந்துவிடும்.

பாதிச் சரிவில் ஒரு நீலச் சுவர். அதில் ஆணியடித்து ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரோரம் முப்பது வயதுப் பெண் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல வெளிச்சம் விழுது இங்கன. துணி காயப்போட வேற எடமே கெடைக்கலையா இவியளுக்கு?" என்றார் ஜாபர் அலி.

"விடுங்க, அடுத்த வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஷிரின்.

"ஒரே நிமிசம்."

வேட்டியின் ஒரு முனையை ஆணியிலிருந்து கழற்றினார். உள்ளே ஓர் ஆணின் முகம் பல் தெரியச் சிரித்தது. உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஜாபர் அலி படத்தை எடுத்துவிட்டார். கழற்றிய வேட்டியைத் திரும்ப மாட்டவில்லை.

சர்பத் கடையில் உட்கார்ந்தே ஸ்டேட்டஸ் வைத்தார்: 'வீட்டுக்காரர் ஜோக் சொல்லுதார், அம்மாவுக்குச் சிரிப்பு வரலை.' வியாபாரிகள் குரூப்பில் ஆளாளுக்கு அதை எடுத்து அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் படம் முகம் தெரியாத ஒரு நம்பரிலிருந்து அவருக்கே திரும்பி வந்தது. அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை சோலைமுத்து லோடு கொண்டுவந்தான். எட்டு வருசமாக லாரி ஆபீசிலிருந்து அவர் கடைக்கு மூட்டை சுமக்கிறவன். மூட்டையை இறக்கிவிட்டு டீயைத் தொடாமல் நின்றான்.

"குடிலே, ஆறுதுல்லா. ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க? பொண்டாட்டி சோறு போடலையா?"

"ஒங்க ஸ்டேட்டஸ்ல ஒரு பொம்பள இருந்தால்லா பாய். அழகுத்தாய். எனக்குக் கூடப் பொறந்தவ."

"அட! சொல்லவே இல்ல பாத்தியா. எப்படி வந்திருக்கு படம்?"

"அன்னைக்கு ஒம்பதாம் நாளு பாய்."

"எதுக்கு?"

"சொவத்துல சிரிக்காரே, எங்க மச்சான் சங்கரபாண்டியன். அவரு எறந்து ஒம்பதாம் நாளு. வேலைக்குப் போன எடத்துல நெஞ்ச வலிச்சு விழுந்தாரு."

ஜாபர் அலி கையிலிருந்த பில் புத்தகத்தைக் கீழே வைத்தார்.

"சொவத்துல மொகம் வரஞ்ச பெறகு எங்கூர்ல இது புது வழக்கம் பாய். ஒரு ஆளு போயிட்டா, பதினாறு வரைக்கும் அவரு வேட்டியாலேயே அவரு மொகத்த மூடி வச்சிருவோம். எழவு வீட்ல அந்தச் சிரிப்பப் பாக்க முடியாதுல்லா. நீங்க அவுத்துப் போட்டுட்டுப் போயிட்டீய. அஞ்சு வயசுப் புள்ள ஓடியாந்து 'அப்பா வந்துட்டாரு'ன்னு சொவத்தக் கட்டிப் பிடிச்சுக்கிடுச்சு. பிரிச்சு எடுக்க முடியல."

"யா அல்லா..."

"அவ வேலை பாக்குற தீப்பெட்டி ஆபீசுக்கும் படம் போயிருக்கு. பாத்துச் சிரிச்சிருக்காவ. பதினாறு கழிஞ்சாலும் படி எறங்க மாட்டேன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போகன்னு கேக்கா. அவ போகலன்னா அந்தப் புள்ளைக்குக் கஞ்சி ஏது? நான் சண்டைக்கு வரல பாய். ஒங்களுக்குத் தெரியணும்ல."

போய்விட்டான். டீ ஆடை கட்டிப்போய் அங்கேயே இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் ஷிரினிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமி இத்தா இருந்தப்ப வாசல்ல திரை போட்டது யாரு?"

 அத்தா மவுத்தான பிறகு உம்மா பக்ருன்னிசா, துக்கம் காக்கும் இத்தாவில், நாலு மாசம் பத்து நாள் மகன் கட்டிய அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். போனை நீட்டிக்கொண்டு வந்த சொந்தக்காரப் பையனை ஜாபர் அலி தெருவரைக்கும் விரட்டியிருக்கிறார்.

"நம்ம வீட்டுத் திரை ஒங்களுக்குத் திரையாத் தெரிஞ்சுது. அவிய வீட்டுத் திரை காயப்போட்ட துணியாத் தெரிஞ்சுது" என்றாள் ஷிரின்.

படத்தை அழித்தார். குரூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். "ஒரு படத்துக்கா இம்புட்டு?" என்று சிலர் சிரித்தார்கள். சிலர் யாருக்கு அனுப்பினோம் என்பதையே மறந்திருந்தார்கள்.

பதினைந்தாம் நாள், சனிக்கிழமை, இரண்டு பேரும் கரடு ஏறினார்கள். வேட்டி பழையபடி தொங்கியது. அழகுத்தாய் அதே இடத்தில் இருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. படத்த அழிச்சிட்டேன்."

"ஒங்க போன்ல அழிச்சிட்டீய. மத்தவிய போன்ல?"

"சொல்லியிருக்கேன். எல்லாரையும் பிடிக்க முடியல."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். வாய் வரலன்னாலும் கையையாவது ஆட்டியிருப்பேன். நான் ஒருத்தி அங்கன உக்காந்திருக்கேன்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையே."

 ஷிரின் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அழகுத்தாய் தொங்குகிற வேட்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாளைக்குப் பதினாறு. மாலை போட அவிய படம் ஒண்ணு இல்ல. ஆதார்ல இருக்கது அவிய மாதிரியே இல்ல. சொவத்துல இருக்கத எடுத்துத் தருவீயளா?"

ஜாபர் அலி போனை எடுத்தார். "எங்கன நின்னு எடுக்கட்டும்? நீயே சொல்லு."

பிள்ளையை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, அவளே வேட்டியைக் கழற்றினாள். அவர் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினாள். சட்டகத்துக்கு வெளியே விலகி நின்றுகொண்டாள். ஒரே ஒரு படம். எடுத்து முடித்ததும் வேட்டியை வாங்கி அவரே மாட்டினார். ஆணி பிடித்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அப்போது படியேறி வந்த இளவட்டங்களில் ஒருவன் போனைத் தூக்கினான். "அண்ணே, அந்தத் துணியக் கொஞ்சம் ஒதுக்குங்க."

ஜாபர் அலி வேட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இது எழவு வீடு. நீங்க பாக்க வந்தது சொவர. உள்ள இருக்க மனுசரு காட்சிக்கு வச்ச பொருள் இல்ல. கேளு, சரின்னா எடு. வேண்டாம்னா போனப் பையில வை. கேக்காம எடுக்கது களவு. நான் களவாண்டுட்டு வந்து நிக்கேன், அதான் சொல்லுதேன்."

அவர்கள் போனைப் பையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். அழகுத்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படத்தைச் சட்டம் போட்டு மறுநாள் விடியவே சோலைமுத்து கையில் கொடுத்தனுப்பினார். நாலு நாள் கழித்து அவன் லோடு கொண்டுவந்தான். மூட்டையை இறக்கி, துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"இன்னைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏறிட்டா பாய். எவளாவது சிரிச்சா என்னட்டி செய்வன்னு கேட்டேன். தப்புப் பண்ணவரே படியேறி வந்து ஒத்துக்கிட்டாரு, நான் எதுக்குத் தலையக் குனியணும்னு சொல்லுதா."

ஜாபர் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி, டீயச் சொல்லுங்க" என்றான் சோலைமுத்து.