விதவையின் வசனத்துக்கு விழுந்த சிரிப்பு

லீட்ஸ் நகர அரங்கில் செட்ரிக் ஓல்ட்ராய்டின் சோக நாடகம் அரங்கேறிய அன்று, மூன்றாம் அங்கத்தில் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விதவை சவப்பெட்டியின் மேல் குனிந்து, "எந்திரிய்யா, டீ ஆறிப்போவுது" என்று சொன்ன இடத்தில் ஆரம்பித்தது. அதன்பிறகு பாதிரியார் இருமினாலும் சிரிப்புதான்.

நாலு வருஷம் உயிரைக் கொடுத்து எழுதியது. கடைசி வரிசையில் இருந்த செட்ரிக் தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அவனுடைய அம்மா ஹில்டா.

வெளியே மழையில் அவளை மடக்கினான்.

"அப்பா சாவுல நீ சொன்னதும்மா அது! அதுக்குப் போயி சிரிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"சிரிக்கத்தான்டா சொன்னேன். முப்பது வருஷம் ஒருத்தர ஒருத்தர் கேலி பண்ணியே குடும்பம் நடத்துனோம், அன்னிக்கு மட்டும் சும்மா அனுப்பிருவேனா? வீடே சிரிச்சுது. நீ ஒருத்தன்தான் மூஞ்சியத் தொங்கப்போட்டு நோட்டுல எழுதிக்கிட்டிருந்த."

அந்த நேரம் பார்த்துக் குடையோடு வந்து நின்றாள் மேவிஸ் டட்டன். லண்டனில் படம் எடுப்பவள்.

"பிரமாதமான காமெடிங்க. எனக்குப் படம் எழுதுறீங்களா?"

"அது சோக நாடகம்."

"வெளிய சொல்லிறாதீங்க. நானும் சொல்லல."

ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு ரயில் ஏறினான். பிஷப் வீட்டுக்குள் பன்றி புகுந்துவிடும் காட்சியை எழுதச் சொன்னார்கள். பிஷப் தனியே நின்று புலம்புவதையே நாலு பக்கம் எழுதிக் கொடுத்தான்.

"பன்னி எங்க?" என்றாள் மேவிஸ்.

"அஞ்சாம் பக்கத்துல வருது."

"அதுக்குள்ள ஜனங்க வீடு போய்ச் சேந்துருவாங்க. மொத வரியிலயே உள்ள விடுங்க."

விட்டான். பிஷப் பயந்து அலமாரி மேல் ஏறினார். ஏறியும் புலம்பலை நிறுத்தவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்த செட்ரிக் கெக்கலி கொட்டிச் சிரித்தான். அடுத்த அறைத் தட்டச்சுக்காரி, என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீரோடு ஓடிவந்தாள்.

பதினாறு படம் எழுதினான். மட்டரகம் என்று பத்திரிகைகள் ஏசின. ஹில்டா அவற்றை வெட்டி எடுத்துப்போய்க் கசாப்புக் கடையில் காட்டிப் பெருமையடித்தாள்.

ஐம்பத்திரண்டாம் வயதில் ஆசை விடாமல் இன்னொரு சோக நாடகம் போட்டான். யாரும் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. இடைவேளையில் அவனே எழுந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மீன் வறுவல் சாப்பிடப் போய்விட்டான்.