எண்ணெய் ஊற்றியவள்

கண்டாரா மலைநாட்டில் எங்கள் ஊர்ச் சரிவு முழுக்க வெண்ணெய்ப்பழ மரங்கள்தான். காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு முதலில் அதை நட்டவர்களில் இருங்குவும் ஒருவன். சோளமும் பீன்ஸும் வெந்த கிதேரி தட்டில் விழுந்ததும் ஒரு பழத்தைப் பிளந்து அதன்மேல் பிசைந்துகொள்வான். பழம் இல்லாத மாதங்களில் அரைகுறையாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. ரத்தக்கொதிப்பு வெகுநாளாக இருந்திருக்கிறது. தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கால் வீங்கி மூச்சு முட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நகரத்து ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்க வேண்டும். மனைவி நியாகியோ கூடவே போய்வந்தாள்.

நோயாளிகளுக்குச் சாப்பாட்டு விவரம் சொல்ல அங்கே ஓர் இளம்பெண் இருந்தாள்.

"வெண்ணெய்ப்பழம் கூடவே கூடாது. வாழைப்பழமும் வேண்டாம். உருளைக்கிழங்கை நறுக்கி வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, வேற தண்ணியில மறுபடி வேக வைங்க. எண்ணெயைத் தாராளமா ஊத்துங்க. ஆளு இளைச்சுட்டே போறாரு, தெம்பு வேணும்."

நியாகியோ தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். "மாத்திச் சொல்றீங்களா? எண்ணெய்தானே கெடுதல்?"

"உங்களுக்கும் எனக்கும் பழம்தான் நல்லது. நார் இருக்கு, வைட்டமின் இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு. பொட்டாசியமும் நிறைய இருக்கு. அதை வெளியே தள்ள இவருக்குச் சிறுநீரகம் இல்லையே. ரத்தத்துலயே தங்கிடும். அளவு மீறினா இதயம் நின்னுடும். எண்ணெயில அந்தப் பயமே இல்ல. கொழுப்பைத் தவிர வேற பெருசா ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணும் இல்லாததாலதான் இவருக்கு நல்லதா?"

"ஆமா" என்றாள் அந்தப் பெண். சொல்வதற்கு அவளுக்கே சங்கடமாக இருந்தது போலிருந்தது.

வீட்டில் சமையல் மாறியது. இரண்டு முறை வெந்த கிழங்கில் நியாகியோ எண்ணெயை ஊற்றி வதக்கினாள். கீரையையும் வேகவைத்துப் பிழிந்து எண்ணெயில் புரட்டினாள். இருங்கு ஒரு வாய் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றான்.

"துவைச்ச துணியைத் தின்னுற மாதிரி இருக்கு."

"எண்ணெய் ஊத்தியிருக்கேனே."

"அதான். எண்ணெய் தடவின துணி."

இருவரும் சிரித்தார்கள். வெளியே ஒரு பழம் தகரக் கூரையில் விழுந்து உருண்டது. அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

இருங்குவின் அக்கா வன்ஜா தார்ச்சாலை ஓரத்தில், நகரத்துக்குப் போகும் வழியில் இருந்தாள். தாய் சாகும்போது இருங்கு கைக்குழந்தை. முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அடுப்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"இது என்ன, எண்ணெயைக் குளம் கட்டி வெச்சிருக்கே?"

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க அண்ணி."

"எந்த ஆஸ்பத்திரியில நோயாளிக்கு எண்ணெய் ஊத்தச் சொல்வாங்க? சர்ச்சுல வந்து பேசினவரு என்ன சொன்னாரு தெரியுமா? எண்ணெய் ரத்தத்தை அடைக்கும், வெண்ணெய்ப்பழம் அதைத் திறக்கும்னாரு. வெளிநாட்டுக்காரன் கப்பல் கப்பலா வாங்கித் தின்னுறான். மரத்துக்குச் சொந்தக்காரன் எண்ணெயை நக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

நியாகியோ பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பெண் வாயிலிருந்து வந்தபோது தெளிவாக இருந்த விஷயம் இவள் வாயில் குழம்பியது. "நல்ல சத்துதான், ஆனா அதிகமாகிடும்" என்றாள். "சத்து அதிகமாகி யாருடி செத்தா?" என்று கேட்டாள் வன்ஜா. பேச்சு சர்ச்சு வரைக்கும் போயிற்று. பாட்டுக் குழுவில் பக்கத்தில் நிற்கும் ஒருத்தி, "வைதிரா அம்மா, புருஷனை விளக்குன்னு நினைச்சுட்டியா, இப்படி ஊத்துறே?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விடுதியில் படிக்கும் மகள் வைதிராகூடத் தொலைபேசியில், "அத்தை சொல்றது நிஜமாம்மா?" என்றாள்.

வேறு வழி தெரியாமல் ஒரு செவ்வாயன்று நியாகியோ வன்ஜாவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அந்தப் பெண் சொல்லி வன்ஜா கேட்கட்டும் என்று நினைத்தாள். அந்தப் பெண்ணோ பிரசவ விடுப்பில் போயிருந்தாள். நர்ஸுக்குக் கை ஒழியவில்லை. "முன்னாடி சொன்னபடியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். முன்னாடி என்ன சொன்னார்கள் என்பதுதானே வழக்கே.

நடைவழிச் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. பாதியாய் வெட்டிய வெண்ணெய்ப்பழத்தின் பக்கத்தில் பச்சையில் சரி என்று ஒரு குறி. எண்ணெய்ப் புட்டியின்மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. வன்ஜா அதன்முன் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"அது எல்லாருக்கும் எழுதினது அண்ணி."

"என் தம்பி எல்லாரிலயும் சேர்த்தி இல்லையா?"

சேர்த்தி இல்லைதான். அதை அவன் அக்காவிடம் நியாகியோ எந்த வாயால் சொல்வாள்?

பெருமழைக் காலம் வந்தது. ஒரு செவ்வாய் சிகிச்சை முடிந்து திரும்பும்போது மழை கொட்டியதால் இருங்குவை வன்ஜா வீட்டில் இறக்கிவிட்டு, மாட்டைக் கறக்க நியாகியோ மட்டும் மேலே வந்தாள். மறுநாள் மலைச்சரிவு இடிந்து எங்கள் சாலையை மூடியது. கீழே ஆறு பெருகி நகரத்துப் பாலம் முழுகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது வன்ஜாவின் வீடு. வெள்ளிக்கிழமை அவனை யாரும் எங்கும் கொண்டுபோக முடியவில்லை.

நியாகியோ சேற்றில் இறங்கிப் பார்த்தாள். இடுப்புவரை புதைந்தவளை நாங்கள்தான் இழுத்துப் போட்டோம். சனிக்கிழமை இருங்கு தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் தெளிவாக இருந்தது.

"இப்பத்தான் சாப்பாடு மாதிரி சாப்பிடுறேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவன் சிரித்தான். "உனக்கே தெரியும்."

"வைதிரா அப்பா, வேணாம். நேத்து மெஷினுக்கும் போகல. போதும், இனி தொடாதீங்க."

"வந்ததிலேர்ந்து அக்கா ஊட்டி விடுறா. சின்னப் பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி. விடு நியாகியோ."

அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள். "அண்ணி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"அவன் சிரிச்சு எத்தனை மாசம் ஆச்சு? நீ பார்த்தியா? இங்க நான் பார்த்துட்டு இருக்கேன்" என்றாள் வன்ஜா. அவள் குரலில் கோபமில்லை. சந்தோஷம்தான் இருந்தது. ஆஸ்பத்திரி எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள் நியாகியோ. மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஞாயிறு காலையில் இருங்குவால் காலை ஊன்ற முடியவில்லை. தண்ணீர் வடிந்து பாலம் தெரிந்ததும் வன்ஜா ஆள் ஏற்றிப்போகும் மட்டாட்டு வேன் ஒன்றை நிறுத்தி அவனை ஏற்றிக்கொண்டு போனாள். நியாகியோ எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு மண்சரிவைத் தாண்டி, நடந்தும் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டும் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் முடிந்துவிட்டது. இயந்திரத்தில் இணைக்கும் முன்பே இதயம் நின்றுவிட்டதாம்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தார். சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வெள்ளிக்கிழமை தவறினதைத் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். அதோட பழமும் சேர்ந்துடுச்சு. என்னால உறுதியா சொல்ல முடியலம்மா."

அடக்கம் தோட்டத்திலேயே நடந்தது. மண் போட்டு முடிந்து பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, வன்ஜா அழுதுகொண்டே பேசத் தொடங்கினாள்.

"கடைசி நாலு நாள் என் வீட்டுல நல்லாச் சாப்பிட்டான். முகம் தெளிஞ்சுது. நாந்தான் பார்த்தேனே. ஆனா உள்ள எல்லாம் ஏற்கெனவே அடைச்சுப் போச்சு. அத்தனை மாசத்து எண்ணெய்."

யாரும் நிமிர்ந்து நியாகியோவைப் பார்க்கவில்லை. அவளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லலாம். சொன்னால் தம்பிக்கு ஊட்டிய கையை வன்ஜா இனி எங்கே வைத்துக்கொள்வாள்? சொல்லாவிட்டால் இந்தச் சரிவில் தான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். எதற்கும் அவளிடம் தெம்பு இல்லை.

வன்ஜா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கை போட்டு, தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. யாரோ சொன்னதை நம்பிச் செஞ்சா, பாவம். நான் மன்னிச்சுட்டேன்."

அவள் உண்மையாகவே மன்னித்திருந்தாள். அது அவள் கையின் இதத்திலேயே தெரிந்தது.

"சரி அண்ணி" என்றாள் நியாகியோ.