பீட்டர் மகள் ஹெலன்

ஹெலனைப் பட்டியலிலிருந்து அழித்தது நான் எழுதிய புரோகிராம்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் கோபம் அடுத்தவர் மேல் மட்டும் இல்லை.

காக்களூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. ஐந்து வருஷம் முடித்த காண்டிராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டார்கள். காண்டிராக்ட் புதுப்பிக்கும்போதெல்லாம் டோக்கன் நம்பர் மாறிவிடும். ஒரே ஆள் பதிவேட்டில் ஐந்து பேராக நிற்பார். அதனால் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் சமமாக இருந்தால் ஒரே ஆள் என்று எழுதிவைத்தேன்.

பட்டியல் ஒரு வாரமாக நோட்டீஸ் போர்டில் தொங்கியது. அது சென்னை ஆபீசுக்குப் போகவேண்டிய அன்று, நான் வந்திருப்பது தெரிந்து வெல்டிங் பிரிவு ஹெலன் நேராக என்னிடம் வந்தார். பட்டியலில் பீட்டர் மகள் ஹெலன் ஒருவர்தான் இருந்தார், பெயின்ட் பிரிவுக்காரர். இவருடைய அப்பா பெயரும் பீட்டர்தான். இருவரும் கடம்பத்தூரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார்.

இரண்டும் சமமா என்று கேட்பது ஒன்று, இரண்டும் ஒன்றேதானா என்று கேட்பது வேறொன்று. காலேஜில் முதல் வருஷமே சொல்லித் தந்த பாடம். நான் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, வந்த பதிலை இரண்டாவதற்கு எழுதிவிட்டேன். ஆளுக்கு ஒன்றேயான, மாறாத பி.எஃப். நம்பர் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஒரு வரி மாத்தினா போதும் சார்" என்றேன் மேனேஜரிடம்.

மேனேஜர் சந்திரமோகன் கையை ஆட்டினார். "புரோகிராமைத் தொட அப்ரூவல் வாங்க ஒரு வாரம் ஆகும், காயத்ரி. அந்தம்மா பேரை 'ஹெலனா'ன்னு போட்டுடு. தனி ஆளா வந்துடும்."

ஹெலன் அவரை முறைத்தார். "பொறந்த தேதி ஹெட்மாஸ்டர் போட்டது சார். டோக்கன் நம்பரு நீங்க மாத்திக்கினே கீறீங்க. எங்கம்மா வெச்ச பேரு ஒண்ணுதான் என்னுதுன்னு கீது. உங்க கம்ப்யூட்டருக்காக அதையும் மாத்திக்கணுமா?"

"ஒரு எழுத்துக்கு இன்னாம்மா இவ்ளோ கோவம்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பு செய்தது புரோகிராம், திருந்த வேண்டியது மனுஷியா? யாரையும் கேட்காமல் அந்த வரியை அழித்தேன். பி.எஃப். நம்பரை ஒப்பிடச் சொல்லி மறுபடி ஓட்டினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த பட்டியலில் இப்போது இருநூற்றுப் பதினெட்டு பேர் இருந்தார்கள். ஹெலனோடு இன்னும் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் அரசப்பனும் குணசுந்தரியும், பெயர் இல்லை என்றதும் அந்த வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டவர்கள்.

"இவங்க யாரும் வந்து கேக்கவே இல்லியே" என்றார் சந்திரமோகன்.

"கேட்டாங்க சார்" என்றார் ஹெலன். "லிஸ்ட் ஒட்டுன அன்னிக்கே கேட்டாங்க. நானும் கூடத்தான் நின்னுக்கினு இருந்தேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு நீங்கதான் வெளிய அனுப்பினீங்க."