பேக்கிங் ஆளின் நுரையீரல்

அத்தா தூங்க மணி பதினொன்றாகிவிட்டது. அதன்பிறகே ஷாஸியா லைன் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு இந்துமதிக்குப் போன் போட்டாள்.

இந்துமதி கோவையில் நுரையீரல் ஆராய்ச்சி செய்பவள். மூன்று மாதத்துக்கு முன் ஷாஸியாவின் தகப்பன் நஸ்ருதீனின் நுரையீரலில் கட்டியை வெட்டி எடுத்தபோது, பக்கத்தில் நன்றாயிருந்த சதையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். புகையும் ரசாயனமும் டிஎன்ஏவை எவ்வளவு உடைத்திருக்கின்றன என்று அளப்பதற்கு.

"என்ன கண்ணு இந்நேரத்துக்கு? அத்தாவுக்கு ஏதாச்சுங்களா?"

"இல்லீங்கக்கா. அந்த அளவு வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. கரண்டு பாச்சுனா உடஞ்ச டிஎன்ஏ செல்லுக்குப் பின்னால வாலாட்டம் நீளும்னு சொன்னேனில்ல? உங்கத்தாவுக்கு வால் ரொம்ப நீளம். ஆனா அவரு சாயத்துப் பக்கமே போகாத ஆளுங்க லிஸ்டுல இருக்காரு. அதுல மொத்தமே ஆறு பேரு. இவரச் சேத்தா, சாயத்துல வேலை செய்யறவங்க லிஸ்டுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரிய மாட்டீங்குது."

அந்தச் சதையைக் கொடுத்தபோது படிவத்தை நிரப்பியவள் ஷாஸியாதான். தொழில் என்ற இடத்தில் 'பேக்கிங்' என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லைசென்ஸ் இல்லாத சாயப்பட்டறையின் லைன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது பேச்சோடு சேர்ந்து வந்த பழக்கம். பேப்பரும் பேனாவுமாக யார் வந்து கேட்டாலும் அந்த வரிசை முழுக்க பேக்கிங்தான். ஒருவரும் ஒரு பெட்டிகூடக் கட்டியதில்லை.

"அது பொய்யிங்கக்கா. அத்தா பதினெட்டு வருசமா சாயப்பொடி கலக்குனவருங்க."

"அட கண்ணு! ஏன் அப்பவே சொல்லுல?"

"பட்டறைய மூடிருவாங்க. ஊடும் மொதலாளியோடதுங்க." படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இப்ப எங்க தௌபிக் அண்ணன அதே எடத்துல நிறுத்திருக்காங்க. இருமிட்டே கெடக்குறான். அத்தாவோட அளவக் காட்டுனாலாவது வேலைய விட்டு நின்னுக்குவான்னு பாத்தனுங்க."

"பட்டறை பேரு எங்களுக்கு வேண்டாம். வேலைய மாத்தி எழுதுனாப் போதும். ஆனா கையெழுத்து அத்தாவோடதாச்சே, அவரே சொல்லோணும்."

படிக்கட்டில் இருமல் கேட்டது. நஸ்ருதீன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே வந்து, நின்று மூச்சு வாங்கிவிட்டு, போனை வாங்கினார்.

"அம்மிணி, புள்ள தூக்கத்துல என்னமோ ஒளறுதுங்க. நான் பேக்கிங்தானுங்க."

"பேரு வெளிய வராதுங்கண்ணா. உங்க பையனுக்காகவாச்சும்..."

"டேப்பு ஒட்டறதுங்க. பெட்டி அடுக்கறதுங்க. அந்தத் தூசிதானுங்க." மறுபடி மூச்சுக்காக நின்றார். "அப்படியே இருக்கட்டுமுங்க."

போனை அணைத்தார்.

"அத்தா, அண்ணன் செத்துருவான்."

"செத்தா ஊட்டுக்குள்ள சாவான். இத மூடுனா எல்லாருமே ரோட்டுல சாவோணும்."

பத்து நாள் கழித்து இந்துமதியிடமிருந்து மெசேஜ் வந்தது. தொழில் விவரத்தில் சந்தேகம் இருப்பதால் அத்தாவின் சாம்பிளை எந்த லிஸ்டிலும் சேர்க்கவில்லை, மன்னித்துக்கொள் கண்ணு என்று.

நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தௌபிக்கிடம் ஷாஸியா அதைக் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான். முகம் தெளிந்தது.

"லிஸ்டுலயே இல்லியா? அப்ப அத்தாவுக்கு ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம், லூசு," என்று அவள் தலையில் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தான்.