மஞ்சள் போர்டுக்கு முந்தின ஞாயிறு

டிக்கியைத் திறந்த மமதா சிரித்துவிட்டாள்.

பந்தயம் நடத்தப் பெங்களூரிலிருந்து வந்திருந்த கிளப்பில் அவளுக்கு வண்டி சோதிக்கிற வேலை. ஓட வந்த ஒவ்வொரு காரையும் தட்டிப் பார்த்து, சரியென்றால் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவாள். காலையிலிருந்து டிக்கிகளில் குடை, கிரிக்கெட் மட்டை, ஒரு மூட்டை வெங்காயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கழுத்துவரை நிரம்பிய தண்ணீர் கேன்களை இப்போதுதான் பார்க்கிறாள். பின்சீட்டிலும் கேன்கள். அவற்றுக்கு சீட் பெல்ட் வேறு போட்டிருந்தது.

"ஏனு மேடம் இது? ரேஸுக்கு வந்தீங்களா, தண்ணி சப்ளைக்கு வந்தீங்களா?"

"வூட்டுக்கு," என்றாள் யசோதரா. "எங்க லைன்ல பக்கத்து வூடுங்களுக்கும் சேத்து. காத்தால போர்ல புடிச்சிக்கினு அப்டியே வந்துட்டோம்."

"எல்லாம் இறக்கணும். கார் உள்ள ஆடற பொருள் ஒண்ணும் இருக்கக் கூடாது. கேன், மேட், பாட்டில், எல்லாம்."

"இவருமா?" யசோதராவின் புருஷன் வேந்தன் டாஷ்போர்டில் இருந்த சின்ன புத்தரைக் காட்டினான்.

"ஒட்டியிருந்தா இருக்கட்டும் சார்." மமதா விரலால் தொட்டுப் பார்த்தாள். புத்தர் ஆடினார். "ஆடறாரே. எடுத்துடுங்க."

"ஆடாம குந்தியிருந்து பேர் வாங்கின ஆளு. அவரையே ஆடறாருன்னுட்டாங்க," என்று முணுமுணுத்து அவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் வேந்தன்.

கேனைத் தூக்கக் குனிந்தவனை யசோதரா தடுத்தாள். "முட்டி வலி கீதே, உடுங்க. ஏனோக்கு வரான்."

ராபர்ட்சன்பேட்டையில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற ஏனோக்தான் இந்தப் பந்தயத்தைப் பற்றி அவளிடம் சொன்னவன். தன் பைக் ஹெல்மெட்டையும் கொடுத்திருந்தான். ஒவ்வொரு கையில் ஒரு கேனாகத் தூக்கிப்போய் வேப்பமர நிழலில் அடுக்கினான். அவற்றின் பக்கத்தில் வேந்தன் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

பேத்தமங்களா தாண்டி, மூடிப்போன செங்கல் சூளையை ஒட்டி இருந்தது அந்த மைதானம். செம்மண் தரையில் ரோலர் விட்டு, ஆரஞ்சு கூம்புகளை வைத்து, வளைந்து வளைந்து போகிற ஒரு பாதை போட்டிருந்தார்கள். ஆட்டோக்ராஸ் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யாரையும் முந்த வேண்டாம், கடிகாரத்தோடுதான் போட்டி. கூம்பைத் தட்டினால் நேரம் கூட்டுவார்கள். வழி தவறினால் அந்தச் சுற்றே கணக்கில் இல்லை. ஆளுக்கு மூன்று சுற்று. புதிதாக வருகிறவர்கள் ஒரு கூம்பையும் தொடாமல் ஒரு சுற்றாவது முடித்தால்தான் கிளப்பில் பெயர் ஏறும், அடுத்த மாதம் ஓசூரில் ஓடலாம். வீட்டில் ஓட்டுகிற கார் போதும், ஹெல்மெட் போதும். டாக்ஸிக்கு மட்டும் இடமில்லை.

யசோதராவின் கார் நாளைக்கு டாக்ஸி.

வேந்தன் பெங்களூரில் ஒரு கோடவுனில் லோடு இறக்குகிற வேலையில் இருந்தான். போன வருஷம் லாரியிலிருந்து விழுந்து வலது முட்டி போனது. ஆபரேஷன் ஆனது, முட்டி திரும்பி வரவில்லை. இப்போதும் அந்தக் கோடவுனுக்கே போகிறான். விடியுமுன் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டேதான். ராத்திரி வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றுவான். டாக்ஸி கம்பெனியில் பேசி முடித்துவிட்டான். திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் மஞ்சள் போர்டு மாற்றுவதாக ஏற்பாடு. உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்பதற்கு மேல் அவன் எதற்கும் ஆசைப்படவில்லை.

யசோதராவால் சும்மா உட்காரவும் முடியாது, சும்மா நிற்கவும் முடியாது. மாலூரில் சட்டை தைக்கிற பேக்டரியில் காலர் செக் பண்ணுகிறவள் அவள். நாளெல்லாம் ஒரே மேசை முன்னால் நிற்க வேண்டும். கை மட்டும் ஓடும். போனில் இந்த ஓட்டத்தின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து மேசைக்கு அடியில் காலும் ஓட ஆரம்பித்தது. கிளட்ச், பிரேக், கிளட்ச். சூப்பர்வைசர் ஒருநாள் குனிந்து பார்த்து, "இல்லாத மிஷினோட பெடல உங்க காலு எதுக்கும்மா மிதிக்குது?" என்று கேட்டார். வீட்டில் சோறு பொங்கும்போதும் அவள் அடுப்பு முன்னால் இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துதான் வேந்தன் சொன்னான்: "ஒரு ஞாயித்துக்கெயம. போய் ஓட்டு, உம்மனசு அடங்கட்டும். திங்கக்கெயம போர்டு. சரியா?"

சரி என்றுதான் சொன்னாள். ஒரே ஒரு சுற்று சுத்தமாக முடித்து, தன் பெயருக்கு எதிரே ஒரு நேரம் எழுதப்பட்டால் போதும் என்று நினைத்தாள். அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

பழகாமலும் வரவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை பேத்தமங்களா பக்கத்துத் தோட்டத்துப் போர் கிணற்றுக்குத் தண்ணீர் பிடிக்கக் காரை எடுப்பாள். போகும்போது பறந்துகொண்டு போக வேண்டும், தோட்டத்துக் கரண்டு போய்விட்டால் போர் நின்றுவிடும். திரும்பும்போது அவசரமில்லை. தங்கச் சுரங்கம் கழித்துக் கொட்டிய சயனைடு மண் மேட்டுக்குப் பின்னால் இருக்கிற வெற்றுத் தரையில் காரை இறக்கி, செங்கற்களை நிறுத்தி, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். மேட்டுப் புழுதி பறந்து வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்த்துக் கொட்ட ஓட்டுவாள். கேன்கள் பின்னால் களக்களக் என்று தாளம் போடும். இறக்கி வைத்துவிட்டு ஓட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊர்க் காரில் தண்ணீர் இருப்பது டயரில் காற்று இருப்பது மாதிரி.

அவள் முறை வந்தது. கொடி இறங்கியதும் கிளம்பினாள். நேர்ப்பாதை, முதல் வளைவு, சரி. இரண்டாவது வளைவில், எப்போதும் செய்கிற மாதிரி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை வெடுக்கென்று இழுத்தாள். அப்படி இழுத்தால்தான் அவள் கார் திரும்பும்.

கார் திரும்பியது. திரும்பி நிற்கவில்லை. பின்பக்கம் யாரோ எட்டி உதைத்த மாதிரி விசிறிக்கொண்டு போனது. சூளை, வேப்பமரம், ஜனம், மறுபடியும் சூளை. நின்றபோது இன்ஜின் அணைந்திருந்தது. அவள் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புழுதிக்குள் எங்கோ விசில் ஊதினார்கள்.

வேந்தன் நொண்டிக்கொண்டு ஓடி வந்தான். கயிற்றைத் தாண்ட விடாமல் பாதையோரம் காவலுக்கு நின்ற மார்ஷல் பிடித்துக்கொண்டார். "இன்னா ஆச்சி? யசோ! அடி பட்டுச்சா?"

"ஒண்ணும் ஆவல!" என்று கத்தினாள். முதல் சுற்று போயிற்று.

வரிசைக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஏனோக் டயரை அமுக்கிப் பார்த்தான். "காத்து ஜாஸ்திக்கா. கொஞ்சம் எறக்கிடறேன்."

"பயந்துட்டா, அதான்," என்றான் வேந்தன்.

"யாரு பயந்தா? ஓடியாந்தது நீங்க."

அவள் காரைச் சுற்றி நடந்தாள். மறுபடியும் சுற்றினாள். பின்சக்கரத்துக்கும் மேலே இருக்கிற தகரத்துக்கும் நடுவில் கையை விட்டாள். முழுக் கையும் உள்ளே போயிற்று. எப்போதும் அந்த இடத்தில் விரல்கூட நுழையாது.

"பின்னால தூக்கிக்கினு நிக்குது," என்றாள்.

"காலி வண்டி அப்டித்தான் நிக்கும்," என்றான் ஏனோக். சொன்ன பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. வேப்பமரத்தடியில் அடுக்கியிருந்த கேன்களைப் பார்த்தான். "அடப்பாவி. எப்பவும் அத்தோடதான் ஓட்டினியாக்கா?"

"தண்ணி எடுக்கதான வண்டிய எடுக்கறேன்? வேற எதுக்கு எடுப்பேன்?"

இத்தனை வாரம் அவள் பழகினது வேறு ஒரு காரை. பின்னால் கனமும் முன்னால் லேசுமாக, கெஞ்சினாலும் திரும்பாத காரை. அதைத் திருப்ப அவள் கை கற்றுக்கொண்ட முரட்டு இழுப்பு, இந்தக் காரைக் கவிழ்த்துவிடப் பார்க்கிறது. நேரே மமதாவிடம் போனாள்.

"மேடம், கேனுங்கள திருப்பி வெச்சிக்கறேன். கயிறு போட்டுக் கட்டிடறேன். ஆடாது."

"ஆகல்ல மேடம். ரூல்."

"எங்கூரு காரு காலியா ஓடினதே இல்ல மேடம்."

"அப்போ இன்னைக்கு ஓடட்டும்," என்றாள் மமதா. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நான் வேணா பின்சீட்டுல குந்திக்கறேன்," என்றான் ஏனோக். "ரெண்டு கேன் வெயிட்டு தேறுவேன்."

"வாய மூடு. நீ அத்த விட ஜாஸ்தி ஆடுவ."

இரண்டாவது சுற்றில் பயம் வந்தேவிட்டது. வளைவுக்கு வளைவு காரைத் தடவிக்கொண்டே போனாள். ஆனாலும் கை கேட்கவில்லை. மூளை மெதுவாக என்றது, கை பழைய மாதிரி இழுத்தது. ஒரு இடத்தில் பின்பக்கம் சறுக்கி ஒரு கூம்பு சாய்ந்தது, முடிகிற இடத்தில் இன்னொன்று. முடித்தாள். சுத்தமாக முடிக்கவில்லை. மிச்சம் ஒரு சுற்று.

மத்தியானம் வெயில் ஏறியது. கிளப்காரர்கள் கொண்டுவந்த குடிநீர் தீர்ந்து, பெங்களூர் பையன்கள் ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். வேந்தன் கேனைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினான்.

"அதுல ஒண்ணு பக்கத்து வூட்டு சரோஜாம்மாவுது," என்றாள் யசோதரா.

"தாகத்துக்குக் கேக்கறான். சரோஜாம்மாவ கேட்டுக்கினு வரேன்னு சொல்லவா?"

அவள் சாப்பிடவில்லை. கயிற்றை ஒட்டி நடந்துகொண்டே இருந்தாள். மற்றவர்கள் எங்கே பிரேக் போடுகிறார்கள் என்று பார்த்தாள். வேகமாக ஓடினவர்கள் யாரும் ஸ்டீயரிங்கை இழுக்கவில்லை. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு, பிறகு கொஞ்சமாகத் திருப்பினார்கள். அவள் வெறும் கையால் காற்றில் திருப்பிப் பார்த்தாள். இழுக்காதே. இழுக்காதே. வேந்தன் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மூன்றாவது சுற்று. நேர்ப்பாதையில் முழுசாக மிதித்தாள். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை அழுத்தி விட்டாள். ஸ்டீயரிங்கை விரலால் திருப்புகிற அளவுக்குத்தான் திருப்பினாள். கார் திரும்பியது. கெஞ்ச வைக்காமல், சொன்ன உடனே. பின்பக்கம் கொஞ்சம் நழுவி, அதுவே திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. அடுத்தது. அதற்கு அடுத்தது. இவ்வளவு லேசான ஒன்றைத்தான் இவ்வளவு நாளாகக் கனம் ஏற்றி ஓட்டினோமா என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் கடைசி வளைவில் இன்னும் கொஞ்சம் வேகமாகவே போனாள். ஒரு கூம்பின் ஓரத்தை உரசிக்கொண்டு போன மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். புழுதிக்குள் அது நின்றுகொண்டிருந்தது.

புதியவர்களில் அவளுக்குக் கீழே இரண்டு பேர்தான். அதைப் பற்றி யாருக்கும் பெருமை இல்லை. ஆனால் சுத்தமான சுற்று. பலகையில் அவள் பெயருக்கு எதிரே ஒரு நேரம். மமதா கை கொடுத்து, "ஓசூருக்கு பன்னி, வாங்க மேடம்," என்றாள். ஏனோக் விசில் அடித்தான். வேந்தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ரொம்ப நாளாக அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் மீதி கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஏனோக் பைக்கில் முன்னால் போய்விட்டான். பேத்தமங்களா ஏரிக்கரை வரைக்கும் வேந்தன் ஒவ்வொருவனும் எப்படிச் சுற்றினான், எவன் முழித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அப்புறம் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு கேட்டான்:

"போதுமா? அடங்கிச்சா?"

அவள் ஸ்டீயரிங்கை விரலால் திருப்பி ஒரு பள்ளத்தைத் தவிர்த்தாள்.

"நாளிக்கி பத்து மணிக்கெல்லாம் ஆர்.டி.ஓ.ல இருக்கணும். நீ வர வேணாம், நானே பாத்துக்கறேன்."

"போவாதீங்க."

"இன்னா?"

"நாளிக்கி போவாதீங்க. ஓசூர் முடியட்டும்."



"அடங்கும்னுதான ஒத்துக்கினேன்," என்றான் வேந்தன்.

"அடங்கல. ஜாஸ்தியாயிட்சி."

"எனக்கு ரயில்ல நிக்க முடியல யசோ."

"தெரியும்."

"தெரிஞ்சிதான் கேக்கறியா?"

"தெரிஞ்சிதான் கேக்கறேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சாம்பியன் ரீப்ஸ் வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. காரை நிறுத்தினாள். பெங்களூரிலிருந்து வந்த ரயில் கடந்துபோனது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வேந்தன் கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மாசம்," என்றான் பிறகு. "டாக்ஸிக்காரன்கிட்ட வாயால ஏதாவது சொல்லி வெக்கறேன். ஒரு மாசம் நிக்கறேன். அதுக்கு மேல இந்தக் காலு நிக்காது."

வேண்டாம், நீங்கள் போய் மாற்றிவிட்டு வாருங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்றும் அவளுக்குத் தெரியும். அவன் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்த மாதிரியும் இருந்தது.

"சரி," என்றாள்.

கேட் ஏறியது. அவள் கியர் போட்டாள்.