துணி மூடிய மாளிகை

பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையில் ரிம்மா குடியிருந்த சரித்திரப் புகழ்பெற்ற மாளிகை இடிந்துகொண்டிருந்தது. பழுதுபார்க்கச் சொல்லி நகராட்சியிடம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் ஆட்கள் வந்து முகப்பு முழுவதையும் ஒரு துணியால் மறைத்துவிட்டுப் போனார்கள். துணியில் அதே மாளிகை புத்தம்புதிதாக அச்சடிக்கப்பட்டிருந்தது. உள்ளே கூரை ஒழுகுவது நிற்கவில்லை, வெளிச்சம்தான் நின்றுபோனது.

படுத்த படுக்கையாகக் கிடந்த கணவர் க்லெப், “ஏன்டி, இன்னும் விடியலையா?” என்றார்.

“மத்தியானமே ஆயிடுச்சுங்க. வீட்டைத் துணி போட்டு மூடிட்டுப் போயிருக்கானுங்க, பாவிங்க.”

“பொணத்தைத்தான் அப்படி மூடுவானுங்க. நாம இன்னும் சாகலையேடி!”

ரிம்மா கத்திரிக்கோலை எடுத்து, ஜன்னலுக்கு நேரே துணியை வெட்டித் தலையை வெளியே நீட்டினாள். கீழே சுற்றுலாப் படகு நின்றிருந்தது. வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் கெஞ்சினாள்: “அம்மா, கொஞ்சம் உள்ள போங்களேன். எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க!”

மறுநாள் ஆட்கள் ஏணி போட்டு ஏறி, வெட்டிய இடத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார்கள். அதில் அழகான பூந்தொட்டி ஒன்று அச்சடிக்கப்பட்டிருந்தது. அறை மறுபடியும் இருண்டது.

“வெளிய என்னடி சத்தம்?”

“ஒண்ணுமில்லைங்க,” என்றாள் ரிம்மா. “பூ வைக்கிறானுங்க.”