பயந்தவள் மேலே இழுப்பாள்

அம்சவள்ளிக்கு உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எங்கள் முதலாளி ஞானவேல் போனில் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு?" என்பதுதான். எனக்குக் கோபம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வண்டி என்று அவர் சொல்வது ஹெலிகாப்டரை. ஆயக்குடிக்கு அந்தப் பக்கம், கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே அவர் நடத்துகிற பயிற்சிப் பள்ளியில் சின்ன ஹெலிகாப்டர்கள் இரண்டு உண்டு. இரண்டு பேர் உட்கார்ந்தால் மடியில் பை வைக்கக்கூட இடம் இருக்காது. நான் அங்கே ஜூனியர் இன்ஜினியர், முருகேஸ்வரி. பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டுகிறவரின் மகள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதை வருகிறவர்களிடமெல்லாம் ஞானவேல் பெருமையாகச் சொல்வார், ஏதோ அவர்தான் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த மாதிரி.

அம்சவள்ளி எங்கள் மாணவி, என் தோழி. பாச்சலூருக்குக் கீழே பளியர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து அரசு உதவித்தொகையில் வந்தவள். தனியாகப் பறக்கும் கட்டத்துக்கு வந்திருந்தாள். அன்று காலை மலைமேல் ஒரு சுற்றுப் போய்த் திரும்ப வேண்டும். வடகவுஞ்சிக்கு மேலே போகும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கீழே தெரிந்த பீன்ஸ் தோட்டத்தில் இறக்கிவிட்டாள். வண்டியின் கால் ஒன்று வளைந்துவிட்டது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வரும்வரை வண்டியை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். அதனால் மறுநாள் வெள்ளனே ஜீப்பில் நாங்கள் மேலே ஏறினோம். ஞானவேல், எங்கள் தலைமை இன்ஜினியர் முருகானந்தம், நான். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது ஞானவேல் முருகானந்தத்திடம் சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கு மலையக் காட்டுனது என் தப்பு." முருகானந்தம் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுத்துப் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். டீக்குக் காசு கொடுக்கப் போனார்.

தோட்டம் மூடுபனியில் பாதி மறைந்திருந்தது. தோட்டக்காரர் செல்வம் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். அம்சவள்ளி இரவு அவர் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

"வாங்க, வாங்க. பந்தலத் தவிர எல்லாம் நல்லாத்தான் கெடக்கு," என்றார். "அந்தப் புள்ள எறங்கி வந்து மொதல்ல என்ன சொல்லுச்சு தெரியுமா? அண்ணே, செடிய மிதிச்சுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னுச்சு. எம்பொண்டாட்டி அழுதுட்டா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு."

அம்சவள்ளி செல்வத்தின் மனைவியுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திண்டு மாதிரி அடுக்கிய உரச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போவதற்குள் ஞானவேல் போய்விட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் அவர் தாழ்த்தினாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

"ஏத்தா, ஒன்னய யாரும் திட்டல. பயந்துட்டேன், கை தவறிருச்சுன்னு எழுதிக் குடு. வர்ற ஆபீசரு அத வாங்கிட்டுப் போயிருவாரு. எஞ்சின் கோளாறுன்னு வந்துச்சுன்னா ஸ்கூலப் பூட்டிருவாங்க. அப்புறம் நீ எங்க போய்ப் படிப்ப?"

"எழுதினா மறுபடி பறக்க விடுவீங்களா, சார்?"

"பாப்போம். மொதல்ல மனசு தேறட்டும்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பயந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டவளை எந்தப் பள்ளியும் தனியாக மேலே அனுப்பாது. அவள் அத்தோடு முடிந்தாள்.

ஞானவேல் நகர்ந்ததும் நான் போய் உட்கார்ந்தேன்.

"எழுதிராத," என்றேன்.

"எனக்கே சந்தேகமா இருக்கு, ஈசு. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். நாந்தான் எதையாவது தொட்டுட்டேனோ?"

"எஞ்சின் எப்படி நின்னுச்சு? படக்குனா?"

"இல்ல. சளி புடிச்ச ஆளு மாதிரி இருமுச்சு. இழுவை கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அப்புறம் சத்தமே இல்ல."

"நீ என்ன பண்ண?"

"லிவரக் கீழ அமுக்குனேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. இந்தச் சின்ன வண்டிகளில் தலைக்கு மேல் சுற்றுகிற இறக்கை ரொம்ப லேசானது. எஞ்சின் நின்றால் அதன் வேகம் மளமளவென்று இறங்கும். இடதுகைப் பக்கம் இருக்கும் லிவரை அந்தக் கணமே கீழே அமுக்கினால், விழுகிற காற்றிலேயே இறக்கை சுற்றிக்கொண்டு வண்டியைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு மூச்சு தாமதித்தால் இறக்கை தளர்ந்துவிடும். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தரை நம்மை நோக்கி வரும்போது மனிதக் கை என்ன செய்யும்? லிவரை மேலே இழுக்கும். உலகம் முழுக்க இந்த ரக வண்டிகளில் நிறையப் பேர் செத்தது அப்படித்தான். இவள் கீழே அமுக்கியிருக்கிறாள். இவளிடம் போய், பயந்துவிட்டேன் என்று எழுதச் சொல்கிறார்கள்.

அதிகாரி வந்தார். நெட்டையான, அதிகம் பேசாத ஆள். படம் எடுத்தார், எரிபொருளைப் பாட்டிலில் பிடித்தார், வயர்களைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இறக்கைக்குப் போகும் பெல்ட்டை மாட்டாமல் எஞ்சினை மட்டும் ஓட விடலாம் என்பதால், வண்டியைக் கட்டைகள் வைத்து நிமிர்த்தி, முருகானந்தத்தை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

"பூ மாதிரி ஓடுது, பாத்தீங்களா சார்," என்றார் ஞானவேல். "மெஷின்ல ஒண்ணும் இல்ல. தேனெடுக்குற கூட்டத்துப் புள்ள, இதெல்லாம் புதுசு. கை நடுங்கியிருக்கும்."

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். ஞானவேல் சாக்கின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

"சார், எஞ்சின அணைக்காதீங்க," என்றேன்.

முருகானந்தம் திரும்பினார். "ஈசு, சும்மா இரு."

"சும்மாத்தான் இருந்தேன் இவ்ளோ நேரம். சார், நேத்து நின்ன எஞ்சின் இன்னைக்கு ஓடுதுன்னா, நிறுத்துன பொருள் நேத்தே கரைஞ்சு போச்சுன்னு அர்த்தம். இதே பனியில, இதே மாதிரி மெதுவா ஓடட்டும். கார்ப் ஹீட்டத் தொடாதீங்க. கொஞ்ச நேரம் பாருங்க."

அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்தார். "ஓடட்டும்," என்றார்.

பெட்ரோல் கையில் பட்டால் ஜில்லென்று இருக்கும், எல்லாருக்கும் தெரியும். கார்புரேட்டருக்குள் அது காற்றில் கலந்து ஆவியாகும்போது அந்த இடம் அப்படித்தான் குளிரும், இன்னும் பல மடங்கு. காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனிக்கட்டி படியும். வெளியே உறைகிற குளிர் வேண்டியதில்லை, கொடைக்கானல் மலைப்பக்கத்துச் சாதாரணக் காலைப்பனி போதும். காற்று போகிற வழி அடைபட்டு எஞ்சின் மூச்சுத் திணறும். அதற்குத்தான் கார்ப் ஹீட் என்று ஒரு குமிழ். இழுத்துவிட்டால் எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போய்ப் பனியைக் கரைக்கும். வண்டி தரையில் இறங்கி நின்றதும் எஞ்சினின் சூடே பனியைக் கரைத்துவிடும். தடயம் தண்ணீராகிச் சொட்டிப் போய்விடும். பழி ஓட்டினவள் மேல் விழும்.

நாங்கள் நின்றோம். செல்வத்தின் மனைவி கடுங்காப்பி கொண்டுவந்தாள். எஞ்சின் பூ மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. ஞானவேல் கடிகாரத்தைப் பார்த்தார். பனி விலகி வெயில் வந்துவிட்டால் என் கதை அதோடு முடிந்தது.

"ஏம்மா, என்ன வரப்போகுது?" என்று செல்வம் என் காதருகே கேட்டார்.

"ஐஸ், அண்ணே."

"குடிக்கவா?"

அப்போது எஞ்சின் இருமியது.

அம்சவள்ளி எழுந்து நின்றுவிட்டாள். "இதேதான். இதே சத்தந்தான்."

இன்னொரு இருமல். ஓட்டம் தடுமாறியது. குலுங்கி, இழுத்து, நின்றுபோனது.

நான் அடியில் கைவிட்டு மூடியைத் திறந்தேன். கார்புரேட்டரின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. "வெரசா வாங்க, கரைஞ்சுரும்," என்றேன். அதிகாரி விரல் வைத்தார். படம் எடுத்தார். ஞானவேலும் விரல் வைத்துவிட்டுச் சுட்டது மாதிரி இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு ஒரு மீட்டர் உண்டே," என்று அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். "மஞ்சள் பகுதிக்கு முள் வந்தா கார்ப் ஹீட் போடணும். நீ பாக்கலியாம்மா?"

"பாத்தேன், சார்," என்றாள் அம்சவள்ளி. "சந்தனந்தான் தெரிஞ்சுச்சு."

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அந்த மீட்டரின் கண்ணாடி மேல் காய்ந்துபோன சந்தனம், நடுவே குங்குமம். பழனியில் சந்தனம் வைக்காத ஆட்டோ கிடையாது, பஸ் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் ஞானவேல் கோயிலிலிருந்து வந்து இரண்டு ஹெலிகாப்டருக்கும் பொட்டு வைப்பார். தினமும் பார்த்துப் பார்த்து அது எங்கள் யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது. எரிச்சலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"உள்ள போய் ஏன் சார் வைக்கிறீங்க?" என்றார் அதிகாரி. "அதுவும் இது மேல?"

ஞானவேல் வாயைத் திறந்தார். அவரை முந்திக்கொண்டு முருகானந்தம் பேசினார்.

"நாந்தான் சொன்னேன், சார். மொதலாளி வேகம் காட்டுற மீட்டர்ல வைக்கப் போனாரு. அதுல வேணாம், இதுல வைங்க, நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவைப்படாத மீட்டர்னு காட்டுனேன். கார்ப் ஹீட்டப் பத்தி கிளாஸ்ல புள்ளைக கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். கீழ அந்த முள்ளு மஞ்சப் பக்கமே போகாது. மலைக்கு அனுப்பும்போது எனக்கு அது ஞாபகமே வரல."

"ஏலே முருகானந்தம்," என்றார் ஞானவேல்.

"ஆமாங்க. ஒரு உசுரு போயிருக்கும்ங்க."

அதிகாரி அம்சவள்ளியிடம் போனார். "மீட்டர் தெரியலேன்னா கிளம்பறதுக்கு முன்னாடியே துடைச்சிருக்கணும். கேட்டிருக்கணும்."

"சாமி பொட்டு, சார். அதுவும் மொதலாளி வச்சது. நான் எப்படித் தொடைக்கிறது?"

நான் அதற்கும் சண்டை பிடிக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவளே சொன்னாள்: "இனிமே தொடைப்பேன்."

அவள் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து எழுதினாள். பயந்தேன் என்ற சொல் அதில் ஒரே இடத்தில் வந்தது, தரையைத் தொட்டு நின்ற பிறகு. ஞானவேல் நின்றபடியே அதைப் படித்தார். ஏதாவது சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "எழுத்து நல்லா இருக்கு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அவ்வளவுதான் வரும்.

பள்ளியைப் பூட்டவில்லை. எல்லாரும் மறுபடி படித்துத் தேறும்வரை பறக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு வந்தது. முருகானந்தம் கரும்பலகையில் கார்புரேட்டரை வரைந்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் வகுப்பில் மாணவர்களிடம், "நான் முன்னாடி சொன்னத அழிச்சுருங்க," என்றார். சந்தனம் இப்போது ஹெலிகாப்டர் நிற்கும் கொட்டகையின் கதவில் வைக்கப்படுகிறது, வேண்டிய மட்டும், பெரிதாக.

அம்சவள்ளி மறுபடி தனியாக மலைக்குக் கிளம்பிய காலையில் நான் ரேடியோ அறையில் இருந்தேன். ஞானவேலும் வந்து நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டார். பாதி வழியில் திரும்பி வருகிற மாணவர்களை அவர் சும்மா விட்டதில்லை. எண்ணெயை வீணாக்கி ஊர் சுற்றிப் பார்த்தாயா என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அதற்குப் பயந்தே பையன்கள் மேகத்துக்குள் மூக்கை நீட்டுவார்கள்.

ரேடியோ கரகரத்தது. "முள்ளு மஞ்சளுக்கு வருது. கார்ப் ஹீட் போட்டுட்டேன். எஞ்சின் நல்லா இருக்கு." மறுபடி கரகரப்பு. "ஆனா முன்னாடி மேகம் எறங்குது. பெருமாள்மலை தெரியல. நான் திரும்புறேன்."

நான் ஞானவேலைப் பார்த்தேன். அவர் கை நீட்டி என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். சண்டைக்குத் தேவையான வார்த்தைகளையெல்லாம் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"திரும்பி வா தாயி," என்றார். "அவசரமில்ல. நாளைக்குப் போய்க்கலாம்."